குடையாக ஒரு பசுமைக்குடில்: குமரி மாவட்ட வீட்டுத் தோட்டத்துக்கு

குமரி மாவட்டத்தில் பசுமைக்குடில் என்பது மழைக்குச் செடிமேல் நாம் பிடிக்கிற குடை. குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து நாலு பக்கமும் ஷீட் அடைத்துக் கட்டினால் சித்திரை நடுப்பகலில் செடி வெந்துபோகும். நமக்குச் சூடு சேர்க்கவேண்டிய தேவை கிடையாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று வருடத்துக்கு இரண்டு தடவை கொட்டுகிறதே, அந்த மழைதான் தக்காளியையும் மிளகாயையும் அழுகவைக்கிறது. ஆகவே கூரை வேண்டும், சுவர் வேண்டாம்.

கூரை என்று ஒன்று வந்துவிட்டால் அதில் விழும் தண்ணீருக்கும் வழி சொல்லியாக வேண்டும். 20 அடிக்கு 10 அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 185 லிட்டர் இறங்கும். நல்ல மழைநாளில் இது ஆயிரம் லிட்டரைத் தாண்டும். அந்தத் தண்ணீர் தொட்டிக்கும், தொட்டி நிறைந்தால் சிறு குளத்துக்கும், குளம் நிறைந்தால் ஈரப்பாத்திக்கும் தானாக ஓடும்படி தோட்டத்தை அமைக்கலாம். குடில் மேட்டில், பூப்பாத்தி நடுவில், குளமும் காட்டு மூலையும் பள்ளத்தில். ஐந்து சென்ட் புரையிடத்தில் (வீட்டு மனையில்) வீடு போக மிஞ்சும் இடமே இதற்குப் போதும்.

இடமும் மண்ணும்

முதலில் காற்றைப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றுதான் முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிறது. தோவாளைப் பக்கம் வீடு என்றால் அதே காற்று உங்கள் ஷீட்டையும் பிடித்து இழுக்கும். குடிலின் நீளவாட்டத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். ஆனி, ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது குறுகலான முகப்புதான் அதை வாங்கும். 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிற நமக்குச் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலேயே போகிறது. வெயிலுக்காகத் திசை பார்ப்பதில் பெரிய லாபம் இல்லை.

அடுத்தது தென்னை. ஒரு மட்டை விழுந்தால் ஷீட் கிழியும், தேங்காய் விழுந்தால் பைப்பே வளையும். மரத்தடியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளிக் கட்டுங்கள். ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் டிசம்பர், ஜனவரி இலையுதிர்வில் கூரைத் தண்ணீர் ஓடும் குழாய் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஏணி வைத்து அள்ளத்தான் வேண்டும்.

மார்த்தாண்டம், குலசேகரம், திருவட்டாறு பக்கத்துச் சரல்மண் (சிறு கல் கலந்த செம்மண்) புளிப்பானது. சென்டுக்கு 2 முதல் 3 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு தூவிக் கொத்தி, தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் கழித்துத்தான் சாணி உரம் போடவேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் உரத்தில் இருக்கிற தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கிலேயே தெரியும். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர மணலுக்குச் சுண்ணாம்பு தேவைப்படாது. அங்கே குறை ஈரம் நிற்காததுதான். பாத்திக்கு ஒன்றரை அடி ஆழத்தில் கதம்பையை (தேங்காய் உரிமட்டையை) உள்பக்கம் மேலே பார்க்கும்படி இரண்டு வரிசை அடுக்கி மண் மூடினால், மழைத் தண்ணீரைக் குடித்து வைத்திருந்து கோடையில் மெல்ல மெல்ல விடும்.

குடில் கட்டுவது

மாசி, பங்குனியில் கட்டுங்கள். மண் காய்ந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். கீழே சொல்லும் கணக்கு 20 அடி நீளம், 10 அடி அகலக் குடிலுக்கு.

கால்களுக்கு ஒன்றரை இஞ்ச் ஜி.ஐ. பைப். பக்கத்துக்கு நாலு, மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் 9 அடி; 2 அடி மண்ணுக்குள், 7 அடி வெளியே. பைப் 20 அடி நீளத்தில் வருவதால் ஒன்றில் இரண்டு கால் வெட்டலாம், ஆக நாலு பைப். ஒரு அடிச் சதுரத்தில் 2 அடி ஆழக் குழி எடுத்து சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவையில் கான்கிரீட் போடுங்கள். எட்டுக் குழிக்கும் மூன்று மூட்டை சிமெண்ட் பிடிக்கும். காலை நிறுத்துமுன் அதன் அடிப்பக்கத்தில் துளையிட்டு, குறுக்கே அரை அடிக் கம்பி ஒன்றைச் செருகுங்கள். குடிலைக் காற்று சாய்ப்பதைவிட மேலே தூக்குவதுதான் அதிகம். வழுவழுப்பான பைப் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். அந்தக் கம்பிதான் பிடித்து நிறுத்தும். கடலோர மணலில் குழி 3 அடியாக இருக்கட்டும், காலும் ஒரு அடி நீளட்டும். உப்புக்காற்றில் பைப் முதலில் துருப்பிடிப்பது வெல்டிங் வைத்த இடத்தில்தான். வைத்த அன்றைக்கே தேய்த்துத் துத்தநாகப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்துவிடுங்கள்.

பக்க உயரம் 7 அடி, நடு முகடு 10 அடி. இந்தச் சரிவுக்குக் குறைத்தால் மழை வழியாமல் தேங்கி ஷீட் தொப்பை போடும். தொப்பை விழுந்த இடத்தில் ஒரு மழைக்கு நூறு லிட்டர் நின்றுவிட்டால் பைப்பும் சேர்ந்து வளையும். சாய்வுக்கும் நெடுக்குப் பைப்புக்கும் ஒரு இஞ்ச் பைப் போதும்.

முகட்டில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சூடான காற்று மேலே ஏறும். போக வழியில்லாவிட்டால் அங்கேயே தங்கிச் செடியின் கொழுந்தைச் சுடும். இரு சரிவு ஷீட்டையும் முகட்டுக்கு அரை அடி முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். இடையில் ஒரு அடிப் பிளவு கிடைக்கும். அதற்கு மேலே ஒரு அடி உயரத்தில் 3 அடி அகலத்தில் தொப்பி மாதிரி ஒரு சிறு கூரை. மழை எந்தத் திசையிலிருந்து சாய்ந்தாலும் பெரும்பாலும் வெளியே வழியும், வெக்கையோ எந்நேரமும் போய்க்கொண்டிருக்கும்.

ஷீட் 200 மைக்ரான், யு.வி. (வெயிலின் புற ஊதாக் கதிர்) தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண வெள்ளை பாலித்தீன் ஒரு கோடையைத் தாண்டாது. பப்படம் போல நொறுங்கும். ஷீட்டைக் காற்றில்லாத, வெயில் ஏறிய முற்பகலில் இழுத்துக் கட்டுங்கள். சூட்டில் நீண்ட ஷீட் ராத்திரி குளிர்ந்து இறுகும். அதிகாலைக் குளிரில் கட்டியது நடுப்பகலில் தொய்ந்துவிடும். பைப்பு சுடுகிற இடத்தில்தான் ஷீட் முதலில் வெடிப்பு விடும் என்பதால், ஷீட் படுகிற பக்கமெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள். ஆணியோ கட்டுக்கம்பியோ வேண்டாம். அலுமினியச் சேனலில் ஜிக்ஜாக் ஸ்பிரிங் வைத்து அழுத்தினால் பத்து நிமிடத்தில் கழற்றவும் முடியும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த மாவட்டம் இது. புயல் எச்சரிக்கை வந்தால் ஷீட்டைக் கழற்றிச் சுருட்டி வீட்டுக்குள் வையுங்கள். ஷீட் இல்லாத சட்டத்தில் காற்று புகுந்து போய்விடும்.

பக்கங்களைத் திறந்தே விடுங்கள். மயில், குரங்கு தொல்லை உள்ள ஊர்களில் மட்டும் ஒரு இஞ்ச் கம்பிவலை கட்டலாம். மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருவது. மறித்து நிறுத்தத்தான் நமக்கு வழி. பூச்சிவலை கட்டியே ஆகவேண்டும் என்பவர்கள் 40 மெஷ்ஷில் (இஞ்சுக்கு 40 கண்) நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் நெருக்கமானது வெள்ளை ஈயை நன்றாகத் தடுக்கும், காற்றையும் தடுக்கும். நம் ஈரத்துக்குக் காற்று நின்றால் வெள்ளை ஈயைவிடப் பூஞ்சணம்தான் முந்திக்கொள்ளும். மார்ச் முதல் மே வரை ஷீட்டுக்குக் கீழே 35 சதவீத நிழல்வலை கட்டி, ஜூனில் மழை மூட்டம் வந்ததும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். மூட்டத்தில் நிழலும் சேர்ந்தால் நாற்று வெளிறி நீளும்.

உள்ளே வளர்ப்பது

தரையில் நடுவதைவிடப் பை நல்லது. செம்மண், தென்னை நார்த்தூள், மக்கிய சாணி மூன்றும் சம அளவு. கட்டியாக வரும் நார்த்தூளில் உப்பும் கறையும் இருக்கும். ஊறவைத்து, தேயிலைத் தண்ணீர் போல வடிகிற சாயம் வெளிறும்வரை மூன்று தடவை பிழிந்து ஊற்றுங்கள். சாணியை அப்படியே போடாமல், 45 கிலோவுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும் அரைக் கிலோ டிரைக்கோடெர்மாவும் (நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணம்) கலந்து, புட்டு மாவு ஈரத்தில் நனைத்து, நிழலில் சாக்குப் போட்டு மூடி இரண்டு வாரம் வையுங்கள். ஒரு வாரத்தில் கிளறிவிடவேண்டும். மேலே பச்சையாகப் பூஞ்சணம் படர்ந்தால் உரம் தயார்.

தக்காளிக்கு இங்கே பெரிய எதிரி பாக்டீரியா வாடல். காலையில் நிமிர்ந்து நின்ற செடி மத்தியானம் தொங்கும், சாயங்காலம் கொஞ்சம் தேறும், மூன்றாம் நாள் பச்சையாகவே சாயும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றினால் அடுத்த செடிக்கும் பரவும். சந்தேகம் வந்தால் தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெள்ளையாக இழை இறங்கினால் நோய் அதுதான். இழை இறங்காவிட்டால் வேரழுகலையோ நூற்புழுவையோ தேடுங்கள். வாடிய செடியைப் பையோடு தூக்கிப் போய் வெளியேற்றுங்கள், அந்த மண்ணை உரக்குழியில் போடாதீர்கள், கத்தரிக்கோலைக் கழுவாமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, அனகா ரகங்கள் இந்த வாடலைத் தாங்குபவை. சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

வலை கட்டிய குடிலில் தக்காளி காய்க்கக் காலை ஒன்பது மணிக்கு மேல் பூங்கொத்தை விரலால் சுண்டினால் போதும். பாகலும் புடலும் அப்படிக் காய்க்காது. ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுவிட வேண்டும். இவற்றை வெளியில் பந்தல் போட்டுப் பூச்சிகளிடம் விடுவது எளிது. குடிலின் கிழக்கு ஓரத்தில் 50 சதவீத நிழலில் டென்ட்ரோபியம் ஆர்க்கிட் நன்றாக வரும். கரி, ஓட்டுத்துண்டு, கதம்பைத் துண்டு மட்டும் போதும், மண் கூடவே கூடாது.

பூப்பாத்தி

தோவாளைச் சந்தைக்குப் பூ போகிற மாவட்டத்தில் பிச்சியும் மல்லியும் இல்லாத தோட்டம் எதற்கு? மல்லிக்குச் செடிக்குச் செடி 4 அடி, பிச்சிக்கு 6-க்கு 5 அடி. ஒன்றரை அடிக் குழியில் 10 கிலோ மக்கிய சாணி. மல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள்; பிச்சிக்கு டிசம்பர் கடைசி. மனசு கேட்காமல் நுனியை மட்டும் கிள்ளுபவர்களுக்குச் செடி பெரிதாகும், பூ சிறுக்கும். புதுக் கிளையில்தான் மொட்டு வரும்.

இலை மஞ்சளானால் உடனே மருந்துக்கு ஓடவேண்டாம். கடலோர மணலில் அது இரும்புச்சத்துக் குறையாக இருக்கலாம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளித்தால் தேறும். சரல்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அங்கே மஞ்சள் என்றால் வேரில் தண்ணீர் நிற்கிறது, பாத்தியை அரை அடி உயர்த்துங்கள்.

கேந்தி (செண்டுமல்லி) ஓணத்துக்குப் பூக்கவேண்டுமானால், பூக்கோலம் தொடங்கும் அத்தம் நாளிலிருந்து பின்னோக்கி 85 நாள் எண்ணி விதை போடுங்கள். நாற்றுக்கு 25 நாள், நட்டபின் 60 நாள். நட்ட ஒரு மாதத்தில் நுனி கிள்ளினால் பக்கக் கிளை விடும். இந்த நாற்றுக்கும் குடில்தான் இடம். ஜூன் மழையில் திறந்த பாத்தியில் விதைத்தால் தண்டு அழுகிப் பாதி போய்விடும்.

தெற்றி (இட்லிப்பூ), செம்பருத்தி, துளசி, கொடிரோஸ் இவற்றை வேலியோரமாக வையுங்கள். மார்த்தாண்டம் பக்கத் தேனீக்களுக்கு ஜனவரி முதல் ரப்பர்த் தளிர் தேன் தரும். மழை மாதங்களில்தான் பட்டினி. ஆனி, ஆடியிலும் பூக்கிற துளசியும் கொடிரோஸும் அந்த நேரத்தில் கைகொடுக்கும். பூத்திருக்கும் செடியில் எந்த மருந்தும் கூடாது. அசுவினிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, அதுவும் தேனீ கூடு திரும்பிய சாயங்காலத்தில்.

குளமும் காட்டு மூலையும்

6 அடி நீளம், 4 அடி அகலம், நடுவில் 2 அடி ஆழம். அதிகம் போனால் 1,300 லிட்டர் கொள்ளும், சாய்வு விட்டால் அதற்கும் குறையும். ஒரு பக்கம் கட்டாயம் சாய்வாக இருக்கவேண்டும், தவளைக்குஞ்சு ஏறிவரவும் தவறி விழுந்த ஓணான் தப்பவும். தோண்டிய குழியில் வேர்நுனியும் கல்லும் பொறுக்கி, 2 இஞ்ச் மணலும் பழைய சாக்கும் விரித்து, மேலே 12-க்கு 10 அடி குளத்து ஷீட். வயல் ஒட்டிய தாழ்ந்த புரையிடத்தில் இந்த வேலை வேண்டாம்: ஆனியில் நிலத்தடி நீர் ஏறும்போது அடியிலிருந்து ஷீட்டைத் தூக்கிவிடும். அங்கே வெட்டுக்கல் அடுக்கித் தரைக்கு மேலே தொட்டியாகக் கட்டுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தண்ணீர்மட்டத்துக்கு மேலே உறுதியான கம்பிவலைச் சட்டம் பொருத்தாமல் தண்ணீர் நிரப்பக்கூடாது.

ஆம்பலை ஒரு அடி அகலச் சட்டியில் களிமண்ணில் நட்டு, மேலே சரளை போட்டு இறக்குங்கள். சாணி உரம் சேர்த்தால் தண்ணீர் பச்சைக் குழம்பாகும். ஆகாயத்தாமரையை ஒரு செடிகூடக் கொண்டுவராதீர்கள். வெள்ளத்தில் ஒன்று வெளியே போனால் ஊர்க்குளம் பாழ். கொசுப்புழு தின்ன, வாய்க்காலில் தலையில் வெள்ளிப்பொட்டு மின்ன மேற்பரப்பிலேயே நீந்துகிற சின்ன மீன்கள் பத்து போதும். அவற்றுக்கு ஒளிய ஒரு உடைந்த மண்குழாய் போடுங்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) ஏறின. அங்கே காணும் மடையானும் மீன்கொத்தியும் வீட்டுக் குளத்தையும் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். கொசு உண்மையில் பெருகுவது குளத்தில் அல்ல, பூச்சட்டித் தட்டிலும் சிரட்டையிலும்தான் (கொட்டாங்குச்சி). முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள். மழைநீர்த் தொட்டியின் வாயிலும் வலை கட்டுங்கள்.

குளம் வழிகிற இடத்தில் வல்லாரை, வசம்பு, நீர்ப்பிரமி. அதற்கப்பால் ஒரு அரைச் சென்டைக் காடாகவே விடுங்கள். விடுவது என்றால் தேர்ந்து நட்டபின் விடுவது. எலுமிச்சை, நார்த்தை, கூடவே ஒரு கறிவேப்பிலை. கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் சின்னப் புழுவைப் பாருங்கள். சில நாளில் அது பச்சையாகும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீண்டு, ஒரு நெடி அடிக்கும். கறுப்பும் வெள்ளையுமாக வாசலில் பறக்கிற வண்ணத்துப்பூச்சி இதுதான். சமையலுக்கு வைத்த செடியில் கண்டால் கொல்லாமல் இலையோடு கிள்ளிக் காட்டு மூலைச் செடியில் வையுங்கள். எருக்கில் செம்மஞ்சள் வரியன் வண்ணத்துப்பூச்சிகள் வரும். ஈஸ்வரமூலிக் கொடி வைத்தால் கறுப்பும் மஞ்சளுமான, கையகலத்தையும் தாண்டும் பெரிய வண்ணத்துப்பூச்சி மலையடிவார ஊர்களில் முட்டையிட வரும். ஒரு கொடியைப் புழு மொட்டையடித்துவிடும் என்பதால் மூன்று வையுங்கள். பேச்சிப்பாறைப் பக்கம் இடம் தாராளமாக உள்ளவர்கள் நீரடிமுத்து மரம் ஒன்று நடலாம். 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழு அதன் இலையைத்தான் தின்னும். உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். அதன் பூவுக்கு எல்லாம் வரும், பிறகு வேறு செடி எதுவும் வராது.

பறவைக்குத் தண்ணீர் வைக்கும் மண்சட்டி ஒன்றரை இஞ்ச் ஆழத்துக்கு மேல் போகக்கூடாது. தினமும் கழுவி மாற்றுங்கள்.

பட்டுப்போன கட்டைகளைக் குவித்து வைத்தால் அரணைக்கும் வண்டுக்கும் வீடு. ஆனால் நம் ஊரில் தென்னந்தடியை இதற்குப் போடவே கூடாது. அழுகும் தென்னந்தடியிலும் கிளறாத சாணிக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. உங்கள் மரமும் அயல்வீட்டு மரமும் குருத்தில் விசிறி வெட்டியது போல ஆகும். மா, பலா, வேம்புக் கிளைகள் போதும். குவியல் வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்கட்டும். பாம்பும் வரும் இடம் அது. கையை விடாமல் கம்பால் தட்டிவிட்டே எடுங்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மழைக்காலத்து நத்தைக்கு, நனைந்த சாக்கின் அடியில் பப்பாளி இலை வைத்து விடியற்காலையில் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். கையுறை வேண்டும். உப்பைப் பாத்தியில் தூவாதீர்கள்.

காட்டு மூலையை வருடம் ஒருமுறை வெட்டி ஒதுக்கவேண்டும், ஒரே நாளில் முழுவதையும் வெட்டக்கூடாது. பிப்ரவரியில் ஒரு பாதி. வெட்டிய தழையை இரண்டு நாள் அங்கேயே போட்டுவைத்தால் அதில் இருப்பவை அடுத்த பாதிக்கு நகர்ந்துவிடும். காய்ந்த இலை போலத் தண்டில் தொங்கும் கூட்டுப்புழு கண்ணில் பட்டால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிடுங்கள். மறுபாதியை மே கடைசியில், முதல் மழைக்கு முன் வெட்டி, அந்தத் தழையைத் தென்னந்தடத்தில் போடலாம்.